ஊசிக்குப் பக்கத்தில் நின்றது

அவள் வேலைக்குக் கிளம்புவதைப் பார்த்தால், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் போகிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தலையில் ஹேர்பின் கிடையாது, துணிநாடாதான். செருப்பில் ஆணி கிடையாது, பசை போட்டு ஒட்டியது. பையில் ஜிப் கிடையாது. மூக்குக்கண்ணாடிக்குப் பிளாஸ்டிக் சட்டம், அதிலிருந்த குட்டித் திருகாணிக்குப் பதிலாக நூல். உடம்பில் ஒரு குண்டூசி ஒட்டிக்கொண்டிருந்தாலும் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவாள். இப்படி ஊசியே வைத்துக்கொள்ளாத பெண்ணுக்கு ஊர் வைத்த பேர் ஊசியக்கா. ஊருக்கென்ன, வாய் சும்மா இருக்குமா?

அவள் வேலை பார்த்த இடத்துக்குப் பெரிய பேர் ஒன்று உண்டு. யார் வாயிலும் அது நுழையாது, எல்லாரும் சூரிய ஆபீஸ் என்பார்கள். ஊருக்கு வெளியே மரவேலி போட்ட வளாகம். அதன் நடுவில் மரத்தால் ஒரு குடிசை, செப்பு ஆணி அடித்தது. குடிசைக்குள் இருட்டில் ஒரு காந்த ஊசி நூலில் தொங்கிக்கொண்டிருக்கும். குடிசையை ஒட்டினாற்போல ஊசியக்காவின் அறை. அங்கே ஒரு பேனா, மெதுவாக உருளும் காகிதத்தில் அந்த ஊசியின் அசைவை எழுதிக்கொண்டே இருக்கும். பேனா நேர்கோடு போட்டால் பூமி நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம்.

சூரியன் நாம் நினைப்பதுபோல் சாதுவாக உட்கார்ந்து எரிகிற விளக்கு இல்லை. திடீரென்று ஒரு மூலையில் பளீரென்று வெடிக்கும், நெருப்பு மேகத்தைக் கக்கும். அந்த மேகம் இரண்டு மூன்று நாளில் பூமி மேல் வந்து மோதும். மோதினால் நமக்கு ஒன்றும் தெரியாது. வெயில் கூடாது, காற்று அடிக்காது, ஒரு இலை அசையாது. ஊசிக்கு மட்டும் தெரியும். இது நடந்த காலத்தில், மேகம் வருவதை முன்கூட்டியே சொல்ல வானத்தில் காவல் கருவிகள் எதுவும் இல்லை.

காலையில் போனதும் தொலைநோக்கி வழியாகச் சூரியனின் வட்டத்தை வெள்ளைத்தாளில் விழவைத்து, அதிலுள்ள கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைவாள். எந்தப் புள்ளி பெருத்திருக்கிறது, எது சுருங்கியிருக்கிறது என்று, பிள்ளைக்கு உடம்பு தேறியிருக்கிறதா என்று பார்க்கும் தாயின் கவனத்தோடு பார்ப்பாள். பிறகு மூன்றில் ஒரு வார்த்தையைத் தேர்ந்தெடுப்பாள்: அமைதி, கலக்கம், புயல். விமான நிலையத்துக்கும், துறைமுகத்துக்கும், ஊரின் துணைமின் நிலையத்துக்கும் போன் போட்டு அந்த வார்த்தையைச் சொல்வாள். மின் நிலையத்துக்கு எதற்கு என்றால், புயல் வந்தால் நீள நீளமான மின்கம்பிகளில் வேண்டாத மின்சாரம் புகுந்துவிடும். அங்கே அவர்கள் பெட்டி என்று சொல்கிற டிரான்ஸ்ஃபார்மர் உள்ளுக்குள்ளேயே சூடேறிச் சீறும். அவள் ‘அமைதி’ என்று சொன்ன நாளில்தான் அங்கே ஒரு பெட்டியை நிறுத்திப் பழுதுபார்ப்பார்கள், பாரம் முழுவதையும் பக்கத்திலிருப்பதன் தலையில் ஏற்றிவிட்டு.

புயல் வந்தால் பேனா முதலில் ஒரே ஒரு துள்ளல் துள்ளி, அந்த உயரத்திலேயே நின்றுகொள்ளும். நிஜமான ஆட்டம் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கழித்துத்தான். அந்த இடைவெளியில் போன் போட்டு எல்லாரையும் உஷார்படுத்த வேண்டும். அதற்குத்தான் அவளை அங்கே உட்காரவைத்திருந்தார்கள். மற்றதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

இதில் ஒரு தொல்லை உண்டு. யாராவது இரும்போடு குடிசைப் பக்கம் வந்தாலும் பேனா துள்ளும். அதற்காகவே வளாகத்தின் கடைசி மூலையில் இன்னொரு குடிசை, இன்னொரு ஊசி, அதற்கும் அவள் அறையின் பின்சுவரில் தனிப் பேனா. முன்பேனா மட்டும் துள்ளினால் வந்தது மனிதன். இரண்டும் சேர்ந்து துள்ளினால் வந்தது வானம். மனிதன் என்றால் காகிதத்தில் பென்சிலால் ஒரு பொட்டு வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

அந்தப் பொட்டுகளில் முக்கால்வாசி அவள் வீட்டுக்காரருடையவை. அவர் மின் நிலையத்தில் ஃபோர்மேன். கல்யாணத்துக்கு முன்பே கம்பத்திலிருந்து விழுந்து தொடையில் இரும்புக் கம்பி வைத்தவர். மத்தியானம் மொபெட்டை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் இருவருக்குமான சாப்பாட்டோடு லேசாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து வருவார். கேட்டுக்காரர் எல்லாரிடமும் சாவி, கடிகாரம், பேனாக்கத்தி எல்லாம் வாங்கி மரப்பெட்டியில் போட்டுக்கொள்பவர். இவரிடம் மட்டும், “காலையும் கழட்டி வெச்சுட்டுப் போங்க சார்” என்பார். தினமும் அதே ஜோக். தினமும் இரண்டு பேரும் சிரிப்பார்கள். சலிக்கவே சலிக்காதா என்றால், சலிக்காது.

குடிசைச் சுவரோரம் ஒரு பெஞ்சு. அவர் வந்து அதில் உட்கார்ந்தால் பேனா சின்னதாக எழும்பி, அவர் இருக்கும்வரை எழும்பியே இருக்கும். அவர் எழுந்து போனால் இறங்கும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. பேனா எழும்பினால் ஊசியக்காவுக்குப் பசிக்கும். அத்தனை வருஷப் பழக்கம். இருந்தாலும் எழுந்துபோய்ப் பின்சுவர்ப் பேனாவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பொட்டு வைப்பாள், ஆரம்பத்தில். போகப்போக அதை விட்டுவிட்டாள். வீட்டுக்காரர் வருவதற்குச் சாட்சி எதற்கு?

அந்த நாளுக்கு முன் இரண்டு நாளாக வானம் மூடிக் கிடந்தது. சூரியனையே பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலையிலும் மேகம்தான். ‘தெரியவில்லை’ என்று ஒரு வார்த்தை அவளிடம் இல்லையே. கடைசியாகப் பார்த்தபோது சூரியன் துடைத்து வைத்த தட்டுபோல இருந்தது, அதனால் அமைதி என்று சொல்லிவிட்டாள். போனில் சொல்வதற்கு முன்பே வீட்டில், காலைச் சாப்பாட்டின்போது, அவரிடம் சொல்லியாகிவிட்டது.

“இன்னிக்கு எப்படிம்மா? ரெண்டாம் நம்பர் பெட்டியைத் திறக்கலாம்னு இருக்கோம்.”

“திறங்க. அமைதிதான்.”

“அப்ப மத்தியானம் வர்றது சந்தேகம். வேலை சீக்கிரம் முடிஞ்சா வர்றேன். இல்லேன்னா நீ கையோட கொண்டுபோறதைச் சாப்பிட்டுடு.”

மத்தியானத்துக்குள் மேகம் விலகிப் பளிச்சென்று வெயில் அடித்தது. அவள் தாளை விரித்துச் சூரியனைப் பிடிக்கப் போனாள். அதற்குள் முன்பேனா ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் போட்டது. பார்த்தாள். எழும்பியிருந்தது.

‘அட, வந்துட்டாரே’ என்று மனம் குளிர்ந்தது. பென்சிலை எடுத்துப் பொட்டு வைத்தாள். பின்சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

பெஞ்சில் யாரும் இல்லை.

ஒளிந்து விளையாடுகிற வயசா இது என்று முணுமுணுத்துக்கொண்டு குடிசையை ஒரு சுற்றுச் சுற்றினாள். சுற்றும்போது அவளுக்கு முன்னால், சரியாக அடுத்த மூலைக்கு அப்பால், யாரோ சுற்றிக்கொண்டு போவதுபோலவே இருந்தது. நின்றாள். சத்தம் இல்லை. வேலி வரைக்கும் வெறும் புல். வெயில் அப்படி ஒரு வெயில், நிழல் ஒளியக்கூட இடமில்லை. “என்னங்க, வெளையாடாதீங்க, பசிக்குது” என்றாள் சத்தமாக. அவள் குரல் மரச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

கேட்டுக்கு நடந்தாள். கேட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாளை விசிறியாக்கிக்கொண்டிருந்தார்.

“அவர் வந்தாரே, எங்க போனார்?”

“யாரும்மா? சார் வரவே இல்லையே.”

“நல்லா யோசிங்க. கண்ணு அசந்துட்டீங்களா?”

“அட, நான் இங்கயேதான் இருக்கேன். ஈ காக்கா வரல. மொபெட்டையும் காணோம் பாருங்க.”

“பேனா எழும்பிடுச்சே.”

கேட்டுக்காரர் விசிறுவதை நிறுத்தினார். இவ்வளவு நாள் அங்கே இருந்ததில் அவருக்கும் பேனாவின் பாஷை கொஞ்சம் தெரியும். “அப்ப யாரும்மா உள்ள இருக்கா?” என்றார், குரலைத் தாழ்த்தி. அவள் முகத்தைப் பார்க்காமல் குடிசையைப் பார்த்துக் கேட்டார்.

இரண்டு பேரும் வளாகத்தைச் சல்லடை போட்டுத் தேடினார்கள். புதருக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், விறகு அடுக்கி வைத்த இடத்தில். புறாக்கள் இரண்டு மூன்று குடிசைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டே இருந்தன, எங்கே இறங்குவது என்று தெரியாமல். கேட்டுக்காரர் அவற்றைப் பார்த்துவிட்டு, “எனக்கு இது சரியாப் படலம்மா” என்று கேட்டுக்கே திரும்பிப் போய்விட்டார். ஆள் தைரியசாலிதான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் அன்றைக்கு அவர் நடந்த நடையில் ஓட்டம் கொஞ்சம் கலந்திருந்தது.

அறைக்குத் திரும்பினாள். பேனா இறங்கவில்லை. எழும்பிய உயரத்திலேயே, நடுங்காமல், ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனது. அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் எப்படி இழுக்குமோ அப்படி. இல்லை, அதைவிடக் கொஞ்சம் உயரம். பெஞ்சைவிடப் பக்கத்தில். சுவரை ஒட்டி. சுவருக்கு உள்ளே.

ஜன்னல் வழியாகப் பெஞ்சைப் பார்த்தாள். காலியாக இருந்தது. பேனாவைப் பார்த்தாள். இருக்கிறார் என்றது.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. படித்தவள்தான், சூரியனை அளக்கிறவள்தான். எல்லாம் இருந்தும் என்ன, அந்த நிமிஷம் அவள் வெறும் பெண்டாட்டி. அங்கே அவருக்கு ஏதோ ஆகிவிட்டது. உயிர் போய்விட்டது. போன உயிர், பழகின வழியே, பழகின நேரத்துக்கு இங்கே வந்து நிற்கிறது. இவளுக்குப் பசிக்கும் என்று பார்க்க வந்திருக்கிறது.

“எங்க நிக்கிறீங்க?” என்று கேட்டாள், காலியான பெஞ்சைப் பார்த்து. பதில் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வராமல் இருந்ததும் பயமாக இருந்தது. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். மரக்குடிசை வெயிலில் ‘டக்’ என்று நெட்டி முறித்தது. எழுந்தாள். போனை எடுக்க வேண்டும், ஆனால் எடுத்தால் தெரிந்துவிடும். தெரியாமல் இருக்கும்வரை அவர் இருக்கிறார் அல்லவா? இப்படியே போனுக்கும் ஜன்னலுக்குமாக நடந்து எவ்வளவு நேரம் போக்கினாளோ, அவளுக்கே தெரியாது.

கடைசியில் மின் நிலையத்துக்கு எண்ணைச் சுழற்றினாள். கண்ட்ரோல் ரூமில் இருப்பவர் எடுத்தார். அவளைத் தெரிந்தவர்தான்.

“சொல்லுங்க ஊசியக்கா.”

“தம்பி... அவர் இருக்காரா?”

“இருக்காரே. ஏன்?”

“நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. கண்ணால பார்த்துச் சொல்லுங்க.”

“ஜன்னல்லயே தெரியுதேக்கா. ரெண்டாம் நம்பர் பெட்டி மேல நின்னுக்கிட்டு நெட்டையண்ணனைத் திட்டிக்கிட்டு இருக்கார். என்னக்கா, அழறீங்களா? கூப்பிடவா?”

“வேணாம், வேணாம். ஒண்ணுமில்ல. வேலை செய்யட்டும்.”

போனை வைத்தாள். உயிர் போய் உயிர் வந்தது. மேஜையில் தலையைச் சாய்த்து அழுது தீர்த்தாள், பிறகு தன்னை நினைத்துத் தானே சிரித்தாள். ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். ராத்திரி இதை அவரிடம் சொன்னால் எத்தனை நாள் கேலி செய்வார் என்று கணக்குப் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு காகிதத்தைப் பார்த்தாள்.

பேனா இறங்கியிருக்கவில்லை.

அவர் அங்கே நிற்கிறார். கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் இங்கே நிற்பது யார்?

அவள் மெதுவாகத் திரும்பிப் பின்சுவரைப் பார்த்தாள். அத்தனை நேரமும் அது அங்கேயேதான் இருந்தது. இரண்டாவது பேனாவின் காகிதத்தில், அதே இடத்தில், அதே துள்ளல். அதே உயரத்தில் அதே கோடு. அவள் பொட்டு வைத்தது வானத்துக்கு.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேனாவும் ஒன்றாக, ஒரே கை பிடித்து இழுத்ததுபோல, கீழே சரிய ஆரம்பித்தன. கொடுத்த அவகாசம் முடிந்துவிட்டது. ஆட்டம் தொடங்கிவிட்டது. வெளியே ஒரு இலை அசையவில்லை.

போனைச் சுழற்றினாள். எங்கேஜ். மறுபடி சுழற்றினாள். எங்கேஜ். “எடுங்கப்பா, எடுங்கப்பா!” என்று ரிசீவரை மேஜையில் அடித்தாள். வைத்த உடனே அது தானாக மணியடித்தது.

“என்னம்மா, அழுதியாமே?” அவர்தான். “அந்தத் தம்பி சொன்னதும் எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. நெட்டையை மேல நிக்க வெச்சுட்டு ஓடி வந்தேன். உனக்கு லைனே கிடைக்கல.”

“எல்லாரையும் இறங்கச் சொல்லுங்க! புயல் வந்துடுச்சு! இறங்கச் சொல்லுங்க!”

“என்னது? காது கேக்கல. ஒண்ணாம் நம்பர் பெட்டி ஒரு மாதிரி உறுமுது. இரு, என்னன்னு பாத்துட்டு...”

அந்த உறுமல் போனில் அவளுக்கும் கேட்டது. மாடு கத்துவதுபோல ஆரம்பித்து, இரும்பே வாய் திறந்து கத்துவதுபோல ஆனது. பிறகு ஒரு சத்தம். பிறகு போனில் ஒன்றும் இல்லை.

அவர் பிழைத்தார். கண்ட்ரோல் ரூமின் கண்ணாடி உடைந்து கையில் கீறியதோடு சரி. பாரம் சுமந்த டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து, கொதிக்கும் எண்ணெய் பக்கத்துப் பெட்டி மேல் நின்ற நெட்டையின் மேல் கொட்டியது. நெட்டை என்றால் நல்ல உயரம், நல்ல வாய், நிலையத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அவன் இருக்கிறான் என்று அர்த்தம். அவன் உடலைக் கொண்டுபோன அன்று சாயங்காலம், சூரியன் மறைந்த பிறகு, வடக்கே வானம் ரத்தமாகச் சிவந்து அசைந்துகொண்டிருந்தது. ஜனங்கள் தெருவில் நின்று வாயைப் பிளந்து பார்த்தார்கள். அழகாக இருக்கிறது என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அது அந்தப் புயலின் வெளிச்சம் என்று தெரிந்த ஒரே ஆள் ஊசியக்காதான், அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

ஊர் தனக்குத் தெரிந்த மாதிரி கதையை முடித்துக்கொண்டது. ஊசியக்கா போன் பண்ணினாள், ஃபோர்மேன் இறங்கினார், பெட்டி வெடித்தது. ஆகவே ஊசியக்கா எச்சரித்தாள், சொல் பேச்சுக் கேட்டவர் பிழைத்தார், கேட்காதவன் செத்தான். கடைத்தெருவில் அவளைக் கண்டவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். “நெட்டைக்கு எப்பவுமே விளையாட்டுப் புத்தி. சொன்னா கேட்டாத்தானே” என்றார்கள். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“நான் சொல்லிடறேங்க” என்றாள் வீட்டுக்காரரிடம்.

அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “என்னன்னு சொல்லுவ? போனவன் திரும்பியா வரப்போறான்? ஏன் வாயைக் கொடுத்து மாட்டிக்கிற?” என்றார். கட்டின் நுனியைத் திருகிக்கொண்டே, “நீ போன் பண்ணலேன்னா நான்தான் மேல நின்னிருப்பேன்” என்றார். அவர் மத்தியானம் வருவது அதோடு நின்றது. வராதீர்கள் என்று அவள்தான் சொன்னாள். இனிமேல் அந்தப் பேனா எழும்பினால் அவளுக்குப் பசிக்கக் கூடாது.

ஒருநாள் கேட்டுக்காரர் வந்து கூப்பிட்டார். வேலிக்கு வெளியே நெட்டையின் மனைவி நின்றிருந்தாள். உள்ளே வா என்றால் வரவில்லை.

“ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன்க்கா. நீங்க இறங்கச் சொல்லியும் அவர் இறங்கலேன்னு எல்லாரும் சொல்றாங்க. பிள்ளைங்க காதுலயும் விழுது. அவருக்கு வாய்தான் அதிகம், வேலைன்னு வந்தா அப்படிப்பட்டவர் இல்ல. அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க? அவர் என்ன சொன்னாராம்?”

ஊசியக்கா வேலியைப் பிடித்துக்கொண்டாள். இப்போது பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று தோன்றியது.

“நான் யாரையும் இறங்கச் சொல்லலம்மா” என்றாள். “புயல் வந்தது எனக்குத் தெரியல. அது என் வீட்டுக்காரர்னு நினைச்சுட்டேன். அப்புறம் ஆளைக் காணோம்னதும் அவர் செத்துட்டாரோன்னு பயந்துட்டேன். இருக்காரான்னு கேக்கத்தான் போன் பண்ணேன். இருக்கார்னாங்க. வெச்சுட்டேன். எனக்குப் புரிஞ்சு கத்தினப்ப நேரம் போயிடுச்சு. உங்க வீட்டுக்காரர் காதுல ஒண்ணுமே விழல.”

நெட்டையின் மனைவி அவளையே பார்த்தாள். அடிப்பாள் என்று ஊசியக்கா எதிர்பார்த்தாள், அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

“அப்ப அவர் சொல் பேச்சுக் கேக்காம நிக்கல.”

“இல்லம்மா. சத்தியமா இல்ல.”

“இதை எல்லார் முன்னாலயும் சொல்லுவீங்களா?”

“சொல்றேன்.”

“அது போதும்க்கா” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினாள். கொஞ்ச தூரம் போனவள் நின்று, ஏதோ கணக்கு இடிக்கிறவள்போலத் திரும்பி வந்தாள்.

“உங்க வீட்டுக்காரர் இருக்காரான்னு கேட்டீங்களே, அப்ப எங்க வீட்டுக்காரரும் அவர் பக்கத்துலதானே நின்னுக்கிட்டு இருந்தார்?”

“ஆமாம்மா.”

“அவரையும் சேர்த்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்க்கா.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் என்ன மாறியிருக்கும் என்று அவளுக்கும் தெரியாது. சொல்லிவிட்டு, பஸ் போய்விடுமோ என்று வேகமாக நடந்தாள்.